உங்களுக்குத் தெரியுமா? வயலினோடு வர்ணமும் தந்த லால்குடி

லால்குடி ஜெயராமன் என்றதும் வயலின்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவிலோ லண்டனிலோ மயிலாப்பூரிலோ இன்று நடக்கும் ஒரு நாட்டிய அரங்கேற்றத்தில் ஒலிக்கும் தில்லானாவும் அவருடையதாக இருக்கலாம். பாட்டு வகுப்பில் ஒரு மாணவி இரண்டு காலத்தில் சாதகம் செய்யும் வர்ணமும் அவர் இயற்றியதாக இருக்கலாம். நம் காலத்து வாக்கேயக்காரர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியவர் அவர். அவரையும், அவரை வளர்த்த காவிரி, கொள்ளிடக் கரைகளையும் பற்றிச் சில செய்திகள் இங்கே.

● இரண்டு ஆறு தாண்டினால் லால்குடி
திருச்சியிலிருந்து அரியலூர் வழியாக விருத்தாசலம் போகும் ரயில் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தைத் தொடுகிறது. அடுத்து கொள்ளிடத்தைத் தாண்டி உத்தமர்கோவில், வாளாடி வழியாக லால்குடி சேர்கிறது. இந்தச் சின்னத் தூரத்துக்குள் கர்நாடக இசையின் வரலாறு நெருக்கமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கேதான் 1930 செப்டம்பர் 17-இல் ஜெயராமன் பிறந்தார்.

● தியாகராஜரின் சீடர் வழி
ஜெயராமனின் முன்னோரான லால்குடி ராமய்யர், தியாகராஜ சுவாமிகளிடம் நேரில் பாடம் கேட்டவர். தாத்தா வாளாடி ராதாகிருஷ்ண ஐயர், தந்தை வி.ஆர். கோபால ஐயர் என்று அந்தப் பாடாந்தரம் வீட்டுக்குள்ளேயே கைமாறி வந்தது. தந்தைதான் ஜெயராமனுக்குக் குரு. கண்டிப்பான குரு. ஒரு பிடி சரியாக விழும்வரை அடுத்த பிடிக்குப் போகாத சாதகம் அந்த வீட்டின் வழக்கம்.

● நான்கில் இரண்டு திருச்சிக்கு
திருவையாற்றில் ஆராதனையன்று கூட்டாகப் பாடும் கனராக பஞ்சரத்னத்தை எல்லோரும் அறிவோம். அதைத் தவிர, ஊருக்கு ஐந்தாக தியாகராஜர் பாடிய க்ஷேத்திர பஞ்சரத்னங்கள் நான்கு உண்டு. கோவூர், திருவொற்றியூர், ஸ்ரீரங்கம், லால்குடி. இந்த நான்கில் இரண்டு திருச்சி மாவட்டத்தில் இருக்கின்றன!

● வீட்டுக்கு வந்த குரு
சீடர் ராமய்யரின் அழைப்பை ஏற்றுத்தான் தியாகராஜர் லால்குடிக்கு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்குள்ள சப்தரிஷீஸ்வரர் மீதும் ஸ்ரீமதி அம்மன் மீதும் அவர் பாடியவை கல்யாணி, தோடி, பைரவி, காம்போதி, மத்தியமாவதி ஆகிய ராகங்களில் அமைந்தவை. கச்சேரியில் நடுநாயகமாக விரித்துப் பாடக்கூடிய பெரிய ராகங்கள். தன் ஊர்க் கோயிலைப் பற்றி இப்படி ஐந்து கிருதிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, உருப்படி என்பது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

● ரங்கனுக்கு ஐந்து
ஸ்ரீரங்க பஞ்சரத்னத்தில் ஒன்று தோடி, ஒன்று காம்போதி, ஒன்று ஆரபி. மற்றவை தேவகாந்தாரியும் சாரங்காவும். ஆரபியும் தேவகாந்தாரியும் கிட்டத்தட்ட ஒரே ஸ்வரங்களில் நடக்கும் ராகங்கள். பாடும் வேகமும் இழைப்பும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒரே தொகுப்பில் இரண்டையும் வைத்து இரண்டையும் வேறு வேறாக நிறுத்தியிருக்கிறார் தியாகராஜர். பிற்காலத்தில் ஜெயராமனும் தேவகாந்தாரியில் ஒரு வர்ணம் செய்தார்.

● தீட்சிதரின் மூன்று கோயில்கள்
முத்துசுவாமி தீட்சிதரும் இந்த வட்டாரத்தை விட்டுவைக்கவில்லை. மலைக்கோட்டைத் தாயுமானவர் மீது கன்னட ராகத்தில் ஒரு கிருதி. திருவானைக்கா ஜம்புகேசுவரர் மீது யமுனா கல்யாணியில் ஒன்று. பஞ்சபூத லிங்க வரிசையில் அப்புவுக்கு, அதாவது நீருக்கு உரியது அது. ஸ்ரீரங்கநாதர் மீது பிருந்தாவன சாரங்காவில் ஒன்று. யமுனா கல்யாணியும் பிருந்தாவன சாரங்காவும் வடநாட்டு வாசம் உள்ளவை. வடக்கின் ராகத்தைத் தெற்கின் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை இந்த மண்ணில் இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. அதே வேலையை ஜெயராமன் தில்லானாவில் செய்தார்.

● அரங்கன் முன்னே அரங்கேற்றம்
கம்பராமாயணம் ஸ்ரீரங்கத்தில் அரங்கேறியது என்பது மரபு. தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபத்தை இன்றும் காணலாம். பல நூற்றாண்டு கழித்து, சீர்காழி அருணாசலக் கவிராயரும் (1711–1779) தம் இராம நாடகக் கீர்த்தனையை இங்கேதான் அரங்கேற்றினார். புதிய படைப்பைக் கொண்டுவந்து ஊர்ச் சபையின் முன் வைத்து ஒப்புதல் பெறுவது என்ற வழக்கத்துக்கு ஸ்ரீரங்கம் பழகிய ஊர்.

● மார்கழியில் அரையரும் வீணையும்
ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல் பத்து, இராப்பத்து நாட்களில், கூம்புக் குல்லாய் அணிந்து கையில் தாளத்தோடு அரையர்கள் திவ்யப் பிரபந்தத்தைப் பாடி அபிநயம் பிடிப்பார்கள். இராப்பத்தில் புறப்பாடு முடிந்து உற்சவரான நம்பெருமாள் திரும்பும் வேளையில் வீணை இசைக்கும் வழக்கமும் உண்டு. சொல், தாளம், அபிநயம், வாத்தியம் நான்கும் ஒன்றாகப் புழங்கும் சடங்கு இது. ஜெயராமன் பெரிதும் கையாண்ட பத வர்ணமும் தில்லானாவும் இதே நான்கின் கூட்டுதான்.

● மலைக்கோட்டை வயலின்
ஜெயராமனுக்கு முன்பே திருச்சி வயலினுக்குப் பெயர்பெற்ற ஊர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879–1931) தம் காலத்தின் முதன்மை வயலின் வித்வான்களில் ஒருவர். அவர் மறைந்தபோது லால்குடியில் ஜெயராமன் தவழும் குழந்தை.

● நூறு கடந்த சபா
திருச்சி ரசிக ரஞ்சன சபா 1914-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச ஐயர். எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் இவரே. சங்கீதம் பக்தர்களுக்கு மட்டுமின்றி டிக்கெட் வாங்கி வரும் ரசிகருக்கும் உரியது என்ற நிலை இந்த ஊரில் அப்போதே வந்துவிட்டது.

● வானொலி வந்த வயது
திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஜெயராமனுக்கு அப்போது 8 வயது. காவிரிக் கரை வித்வான்கள் எத்தனையோ பேரின் குரலும் வாத்தியமும் தெருவோரப் பூங்கா ஒலிபெருக்கி வழியே கிராமத்துக் காதுகளுக்கும் எட்டிய காலம் அது.

● பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியம்
12 வயதில் ஜெயராமன் மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கினார். பிறகு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தக் காலத்தின் பெரிய குரல்கள் அனைத்துக்கும் பக்கத்தில் அமர்ந்தார்.

● பக்கவாத்தியக்காரரின் காது
அந்த ஆசனம் எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் பார்ப்போம். பாடகர் என்ன பாடப் போகிறார் என்பது பல நேரம் மேடையில்தான் தெரியும். ஆலாபனையில் அவர் விட்ட இடத்தில் வயலின் பிடித்து, அந்தச் சஞ்சாரத்தின் நிழலாகக் கூடவே போக வேண்டும். அவர் முடித்ததும் அதே ராகத்தைப் பாதி நேரத்தில், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், அவர் பாணியையும் மீறாமல் வாசிக்க வேண்டும். கல்பனாஸ்வரத்தில் அவர் போட்ட கணக்குக்கு நொடியில் பதில் தர வேண்டும். ஸ்ருதியும் ஆளுக்கு ஆள் மாறும். அரியக்குடிக்கு வாசிப்பது வேறு, ஜி.என்.பி.யின் மின்னல் பிருகாக்களுக்கு வாசிப்பது வேறு. பல ஆண்டுகள் இப்படிப் பிறர் மனதைக் கேட்டுக் கேட்டு வாசித்த காதுதான் ஜெயராமனை வாக்கேயக்காரர் ஆக்கியது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ராகம் எத்தனை பேர் கையில் எத்தனை விதமாக உயிர்பெறும் என்று அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

● சகோதரர் அல்லாத சகோதரர்கள்
திருச்சியின் பெருமையான ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர்! சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் ஸ்ரீநிவாச ஐயரும் கற்றார். இருவரும் சேர்ந்தே பாடினார்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது சிவசுப்பிரமணிய ஐயருக்கு 1964-லும் ஸ்ரீநிவாச ஐயருக்கு 1965-லும் கிடைத்தது. பல்லவியிலும் தாளக் கணக்கிலும் சிங்கங்களான இவர்களுக்கு வாசிப்பது, எந்த வயலின் வித்வானுக்கும் பரீட்சைதான்.

● தலைவாசலும் கடைவாசலும்
அரியக்குடி வகுத்துக் கொடுத்த கச்சேரி முறையில் முதலில் வருவது வர்ணம். மங்களத்துக்குச் சற்று முன் வருவது தில்லானா. ஜெயராமன் கிருதிகளும் செய்திருக்கிறார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது இந்த இரண்டு வடிவங்களில். பரதநாட்டியத்திலும் அப்படியே: மார்க்கம் எனும் நிகழ்ச்சி வரிசையின் நடுத்தூண் வர்ணம், நிறைவு தில்லானா. கச்சேரி சூடுபிடிக்கும் இடமும் ரசிகர் எழுந்து போகும்போது காதில் எடுத்துச் செல்லும் இடமும் அவருடையவை.

● வர்ணத்துக்குள் என்ன இருக்கிறது?
பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் என்பது முதல் பாதி. சரணமும் அதற்குரிய எத்துக்கடை ஸ்வரங்களும் இரண்டாம் பாதி. தான வர்ணத்தில் சொற்கள் மிகக் குறைவு. ஓர் எழுத்து பல ஸ்வரங்களுக்கு நீளும். பத வர்ணத்தில் ஸ்வரங்களுக்கும் சாகித்தியம் இருக்கும். ஆடுபவருக்கு அது அபிநய வெளி. ஒரு ராகத்தின் உயிரான பிடிகள் அத்தனையும் ஒரு வர்ணத்துக்குள் வந்துவிட வேண்டும். அதையே இரண்டாம் காலத்தில் பாடினாலும் ராகத்தின் முகம் கலையக் கூடாது. அதனால்தான் வர்ணம் செய்யத் துணிபவர்கள் குறைவு.

● ஐந்து ஸ்வரத்தில் ஒரு வீடு
வலஜி ராகத்தில் ரிஷபமும் மத்தியமமும் கிடையாது. ச, க, ப, த, நி என்று ஐந்தே ஸ்வரங்கள். ஜெயராமன் இதில் செய்த தெலுங்குத் தான வர்ணம் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. நளினகாந்தியிலும் அப்படி ஒரு வர்ணம் தந்தார். ஒரு தியாகராஜ கிருதியால் மட்டுமே பலரும் அறிந்திருந்த ராகத்துக்கு, சாதகம் செய்யவும் ஒரு வழி கிடைத்தது.

● தாலாட்டு ராகத்தில் வர்ணமா?
நீலாம்பரி என்றால் தூளிதான் நினைவுக்கு வரும். இழுத்து இழுத்துப் பாட வேண்டிய ராகம். ஓட்டமும் அழுத்தமும் வேண்டிய பத வர்ணத்துக்கு அதை எடுக்க யாருக்கும் எளிதில் தோன்றாது. செந்தில் முருகன் மீது தமிழில், நீலாம்பரியிலேயே பத வர்ணம் இயற்றினார் ஜெயராமன். ராகத்தின் சாந்தமும் குலையவில்லை, வர்ணத்தின் கட்டும் தளரவில்லை.

● ஒன்பது ராகம், ஒன்பது ரசம்
மதுரை மீனாட்சியைப் பாடும் ‘அங்கயற்கண்ணி’ ஒரு நவராகமாலிகை பத வர்ணம். சிருங்காரம், வீரம், கருணை என ஒன்பது ரசங்களுக்கும் ஒவ்வொரு ராகம். பிலஹரி, உசேனி, வலஜி, சாரங்கா, சுசரித்ரா, அடாணா, ரசிகப்ரியா, சஹானா, நாதநாமக்கிரியை. இவற்றில் சுசரித்ரா 67-ஆவது மேளம். ரசிகப்ரியா 72-ஆவது, மேளகர்த்தா அட்டவணையின் கடைசி வீடு. இரண்டுமே விவாதி ராகங்கள். அருகருகே உரசும் ஸ்வரங்களால் காதைச் சற்று அதிர வைப்பவை. அந்த அதிர்வையே ரசத்துக்கு உதவும்படி பயன்படுத்தியிருக்கிறார். ஆடுபவருக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை.

● சாருகேசியின் நாயகி
அவருடைய பத வர்ணங்களில் நாட்டியக் கலைஞர்கள் அதிகம் நாடுவது சாருகேசியில் அமைந்த தமிழ் வர்ணம். கண்ணனிடம் நாயகி முறையிடும் பாவம். சாருகேசி 26-ஆவது மேளம். மேலே போகும்போது நம்பிக்கையும் இறங்கும்போது ஏக்கமும் தொனிக்கும் ராகம். நாயகியின் மனநிலைக்குப் பொருத்தமான ராகத்தைத் தேடியதிலேயே பாதி வெற்றி.

● தில்லானாவுக்குள் என்ன இருக்கிறது?
பல்லவியிலும் அனுபல்லவியிலும் பொருளுள்ள சொல் இல்லை. திரனா, தீம் போன்ற சொற்கட்டுகள்தான். சரணத்தில் மட்டும் ஓரிரு வரி சாகித்தியம் வரும். அதன்பின் மீண்டும் சொற்கட்டுக்குத் திரும்பும். எனவே இயற்றுபவருக்குக் கவிதையின் துணை கிடையாது. ராகமும் லயமும் மட்டுமே பேச வேண்டும். மிருதங்கக் கணக்கு தெரியாதவரால் கட்ட முடியாது. கணக்கு மட்டும் தெரிந்தவர் கட்டினால் இனிக்காது. ஆலத்தூர் சகோதரர்களுக்கும் ஜி.என்.பி.க்கும் வாசித்த ஒருவருக்கு இரண்டும் கைவந்ததில் வியப்பில்லை.

● வடக்கின் ராகங்கள்
தேஷ், பெஹாக், தர்பாரி கானடா, மதுவந்தி, ராகேஸ்ரீ, துவிஜாவந்தி, திலங். ஜெயராமனின் தில்லானாக்கள் அமைந்த ராகங்களில் இவை சில. பெரும்பாலானவை இந்துஸ்தானி இசையில் ஊறியவை. அவற்றைக் கர்நாடக லயக் கட்டுக்குள் கொண்டுவந்து, சரணத்தில் தமிழோ தெலுங்கோ சமஸ்கிருதமோ சேர்த்து நம்முடையதாக்கினார். வசந்தா, மோகனகல்யாணி போன்ற நம் வீட்டு ராகங்களையும் மறக்கவில்லை.

● வயலின் பாடும்
அவருடைய வாசிப்பு முறைக்கு ‘லால்குடி பாணி’ என்றே பெயர். பாடகர் மூச்சுவிடும் இடத்தில் வில் நிற்கும். சொல் பிரியும் இடத்தில் வில்லும் பிரியும். சாகித்தியம் தெரிந்தவர் கேட்டால் கம்பியில் எழுத்துகள் ஒலிப்பதை உணரலாம். வாய்ப்பாட்டின் இயல்பை வாத்தியத்தில் கொண்டுவந்த இந்தக் கைதான், பாடுவதற்கும் இசைவான மெட்டுகளைக் கட்டியது.

● மூன்று வாத்தியம், ஒரே கச்சேரி
1966-இல் அவர் வயலின், வேணு, வீணை மூன்றையும் ஒரே மேடையில் சேர்த்தார். குழலில் என். ரமணி, வீணையில் ஆர். வெங்கட்ராமன். ஊதும் வாத்தியம், மீட்டும் வாத்தியம், வில்லால் இழைக்கும் வாத்தியம் மூன்றும் ஒரே ஸ்ருதியில் ஒரே பாடாந்தரத்தில் ஒத்துப்போக வேண்டும். பக்கவாத்தியமாக இருந்த வயலினை நடுவில் அமர்த்தியதில் இந்த முயற்சிக்குப் பெரிய பங்குண்டு.

● மெனுஹின் தந்த வயலின்
1965-இல் எடின்பரோ திருவிழாவில் ஜெயராமனைக் கேட்ட உலகப் புகழ் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின், தம்முடைய இத்தாலிய வயலினையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

● முன்னோடி வடிவேலு
வயலினும் வர்ணமும் ஒருவரிடம் சேர்வது இது முதல் முறையல்ல. நாட்டிய ஆசான் சகோதரர்களான தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு வயலினில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினை வழங்கினார். இன்றைய நாட்டிய மார்க்கத்தை வகுத்தவர்களும் அந்த நால்வரே. அவர்கள் போட்ட பாதையில் ஜெயராமன் அடுத்த நூற்றாண்டின் உருப்படிகளைச் சேர்த்தார்.

● கிளீவ்லாந்தில் ஒரு தேவி
‘ஜய ஜய தேவி’ என்ற முழு நாட்டிய நாடகத்துக்கு அவர் இசையமைத்தார். 1994-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அரங்கேறி, வேறு நகரங்களுக்கும் சென்றது. 1999-இல் பிரிட்டனில் அவருடைய ‘பஞ்சேஸ்வரம்’ அரங்கேறியது. அறுபதைக் கடந்த பிறகு தனி உருப்படியிலிருந்து நாடகத்துக்கு விரிந்தது அவர் படைப்பு.

● எழுபதுக்குப் பிறகு சினிமா
சாரதா ராமநாதன் இயக்கிய ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்து, 53-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருதைப் பெற்றார். தேவரடியார் வாழ்க்கையைச் சொல்லும் படம். வாழ்நாள் முழுதும் வர்ணமும் தில்லானாவும் கட்டியவருக்கு இதைவிடப் பொருந்தும் கதை வாய்த்திருக்காது.

● விருதுகள் சில
பத்மஸ்ரீ 1972, சங்கீத நாடக அகாடமி விருது 1979, பத்மபூஷண் 2001. 2013 ஏப்ரல் 22-இல் சென்னையில் 82 வயதில் மறைந்தார்.

● வழி தொடர்கிறது
மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணன், மகள் லால்குடி விஜயலட்சுமி இருவரும் வயலின் வித்வான்கள். சகோதரி ஸ்ரீமதி பிரம்மானந்தமும் வயலின் கலைஞர். சிஷ்யர்களில் விட்டல் ராமமூர்த்தி வயலினிலும், பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன் பாட்டிலும் விசாகா ஹரி ஹரிகதையிலும் பெயர் பெற்றார்கள். வயலின் குருவிடம் பாடகர்கள் இத்தனை பேர் கற்றது அவர் பாணியின் இயல்பைச் சொல்கிறது.

● பக்கத்து ஊர் பூவாளூர்
லால்குடிக்கு அருகிலுள்ள பூவாளூரில் 1942-இல் பிறந்தவர் மிருதங்க மேதை திருச்சி சங்கரன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் தென்னிந்திய இசையைக் கற்பித்தார். இந்தோனேசிய கமேலான் குழுவுக்கும் மேலைக் குழுக்களுக்கும் புதிய படைப்புகளை எழுதினார். 2011-இல் சங்கீத கலாநிதி. அடுத்தடுத்த இரண்டு ஊர்கள், உலகம் அறிந்த இரண்டு படைப்பாளிகள்!

● எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?
முதலில் வலஜி வர்ணம்; இரண்டு காலத்திலும் கேளுங்கள். அடுத்து நீலாம்பரி, சாருகேசி பத வர்ணங்கள். முடிந்தால் ஆடலோடு ‘அங்கயற்கண்ணி’. பிறகு மோகனகல்யாணி தில்லானாவையும் தர்பாரி கானடா தில்லானாவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். துள்ளலும் கம்பீரமும் ஒரே கையிலிருந்து வருவது விளங்கும்.

● ஒரு வேண்டுகோள்
அரங்கேற்ற அழைப்பிதழில் குருவின் பெயர் இருக்கும், நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், ஒப்பனைக்காரர் பெயர்கூட இருக்கும். தில்லானா இயற்றியவர் பெயர் பல நேரம் விட்டுப்போகிறது. தியாகராஜர் பெயரைச் சொல்லாமல் நாம் அவர் கிருதியைத் தொடங்குவதில்லை. நம்மோடு வாழ்ந்து, நம் காலத்துக்கு உருப்படி செய்தவருக்கும் அதே மரியாதை உரியது. ராகம், தாளம், இயற்றியவர் என்று மூன்றையும் அச்சிடுங்கள், மேடையிலும் சொல்லுங்கள். ஆடும் குழந்தைக்கு அந்தப் பெயர் தெரிந்தால், தானும் ஒருநாள் ஒரு வர்ணம் செய்யலாம் என்ற எண்ணம் அவளுக்கும் வரும்.